கமண்டலத்துக்குக் கோபம் தெரியாது

பொதிகையில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்த குழாய், செண்பகவல்லிக்கு மட்டும் கொடுக்க மறுத்தது.

அந்தக் குழாய்க்குத் திருகு கிடையாது. உள்ளங்கையைக் கீழே நீட்டினால், தோலுக்குள் ஓடும் நரம்புகளைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். அந்த ஆளுக்கு அன்றைய பங்கு மீதி இருந்தால் கொடுக்கும். காலையிலிருந்து அது சமையல்காரருக்குக் கொடுத்தது. பாறை வெட்டுகிறவர்களுக்குக் கொடுத்தது. சோதித்துப் பார்க்கக் கை நீட்டிய நிர்வாகி ஜெபக்கனிக்கும் கொடுத்தது. செண்பகவல்லி நீட்டினால் ஒரு சொட்டும் இல்லை. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் நீட்டிப் பார்த்தபோது, ஜெபக்கனியின் கைக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரும் நின்றுபோயிற்று. நிலவில் எதுவும் மெதுவாகத்தான் விழும். கடைசியாகக் கிளம்பிய பெரிய துளி ஒன்று, யாரிடம் போவதென்று தெரியாததுபோல் இருவர் கைக்கும் நடுவே இறங்கித் தொட்டியைத் தொட்டது.

“நல்ல பிரச்சினை!” என்றார் அகோரமூர்த்தி, கைகளைத் தேய்த்துக்கொண்டு.

“எனக்கு நாக்கு வறண்டு கெடக்கு. உங்களுக்கு நல்ல பிரச்சினையா, அண்ணாச்சி?”

அகோரமூர்த்திக்கு ஒரு பொருள் கெட்டுப்போனால் வருத்தம் வராது. அதைப் பிரித்து வைத்து யாருக்காவது விளக்கலாமே என்ற சந்தோஷம்தான் வரும். அதிலும் இது அவரே செய்த பொருள். நிலவின் தென்முனையில், என்றும் வெயில் படாத ஒரு பள்ளத்தின் பனியை உருக்கிக் குடித்து, பாறைக்குள் குடைந்த அறைகளில் நாற்பது பேர் வாழும் ஊர் பொதிகை. அதன் தண்ணீரை முழுக்க ஆளும் இயந்திரத்துக்குக் கமண்டலம் என்று பெயர் வைத்தவர் அவர். தெற்கே வந்த முனிவர் கையில் தண்ணீரோடுதான் வந்தார் என்பதால் அந்தப் பெயர். பெயர்ப் பொருத்தத்தை அவர் இதுவரை யாருக்காவது விளக்காமல் விட்டிருந்தால், அந்த ஆள் அப்போது தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

முதலில் செண்பகவல்லியின் கையில் மண் ஒட்டியிருப்பதுதான் காரணம் என்றார். அவள் தாவரவியல் ஆய்வாளர். பொதிகையின் ஒரே தோட்டம் அவளுடையது. கையில் மண் இல்லாத நாள் கிடையாது. துடைத்துப் பார்த்தார்கள். வரவில்லை. குழாயின் கண்தான் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிப் பக்கத்து அறைக் குழாயில் மாட்டினார். அங்கே அது எல்லோரையும் பார்த்தது, எல்லோருக்கும் கொடுத்தது, செண்பகவல்லிக்குக் கொடுக்கவில்லை. மூன்றாவது குழாயைப் பிரித்தபோது, கதவுகளின் ரப்பர் வளையம் ஏன் உருண்டையாக இருக்கிறது என்பதைக்கூட ஜெபக்கனிக்குச் சொல்லி முடித்திருந்தார். போன கப்பலில்தான் வந்து பொறுப்பேற்றிருந்தாள் ஜெபக்கனி. இன்னும் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும் நிலையில் இருந்தாள்.

மதியம் உணவுக்கூடத்தில் வைத்துச் செண்பகவல்லிதான் சொன்னாள். “ஏ அண்ணாச்சி, கமண்டலத்துக்கு வாய் வச்சிருக்கீங்கள்ளா? அதுகிட்டயே ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

அகோரமூர்த்தி ஸ்பேனரைக் கீழே வைத்தார். “அதைத்தான் அடுத்து செய்யலாம்னு இருந்தேன்” என்றார். இல்லை என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது.

“கமண்டலம், செண்பகவல்லிக்கு ஏன் தண்ணீர் தரவில்லை?”

“ஆணை இருக்கிறது” என்றது கமண்டலம். அதன் குரல் அகோரமூர்த்தியின் குரல். வாங்கி வந்த குரல்களில் எதிலும் போதிய கம்பீரம் இல்லையென்று அவர் தம்முடையதையே பதிவு செய்து கொடுத்திருந்தார்.

“யாருடைய ஆணை?”

“உங்களுடையது. நேற்று மதியம், உணவுக்கூடத்தில், கைகழுவும் தொட்டியில் தந்தீர்கள். ஒலிக்கச் செய்யவா?”

“வேண்டாம்” என்றார் அகோரமூர்த்தி.

“செய்” என்றாள் ஜெபக்கனி.

தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது. பிறகு செண்பகவல்லியின் குரல்: “வாழை இன்னைக்குத்தான் பூ தள்ளியிருக்கு. இப்பப் போயி பங்கு முடிஞ்சுட்டுங்கீங்களே. அளந்து அளந்து வச்சு நீங்க என்ன, கூடவா கொண்டுபோவப் போறீங்க? பேரு மட்டும் பெரிய முனி!” அதன்பின் அகோரமூர்த்தியின் குரல், கம்பீரம் கொஞ்சமும் இல்லாமல், கீச்சென்று: “நான் இங்க இருக்கிற வரைக்கும் உனக்கு ஒரு சொட்டுத் தண்ணி கூடக் கிடையாது!”

செண்பகவல்லியை அவர் ‘நீங்க’ என்றுதான் அழைப்பார். அந்த ‘உனக்கு’ என்பதே அவருக்கு இப்போது தண்ணீரைவிடப் பெரிய குற்றமாகக் கேட்டது.

“சரி,” என்றாள் ஜெபக்கனி, “கோபத்துல சொல்லிட்டீங்க. ரத்து பண்ணுங்க.”

“முடியாதுங்க.”

“ஏன்?”

ஏன் என்ற கேள்வியை அகோரமூர்த்தி எந்த நிலையிலும் விடமாட்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இதுக்கு முன்னாடி வேற ஒரு குடியிருப்புல குழாய் உடைஞ்சுது. மூணு அதிகாரிங்க. ஒருத்தர் கதவைத் திறங்கறார், ஒருத்தர் மூடுங்கறார், மூணாமவர் மறுபடி திறங்கறார். திறந்து மூடித் திறந்து, கதவு பிஞ்சு போய் ரெண்டு பேர் செத்துட்டாங்க. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, கொடுத்த ஆணையை யாருமே மாத்தக்கூடாது. கொடுத்தவரும் மாத்தக்கூடாது. அப்படின்னா அந்த அதிகாரத்தை யாரை நம்பிக் குடுக்கிறது? புராணத்துல இதுக்கு அற்புதமான ஏற்பாடு இருக்குங்க. முனிவர் சொன்ன சொல் மாறாது. ஆனா அந்தச் சக்தி சும்மா வராது, தவம் பண்ணணும். சபிச்சா சேத்து வச்ச தவம் அத்தனையும் போயிடும். விசுவாமித்திரரைப் பாருங்க. வருஷக்கணக்கா சேப்பாரு, ஒரு கோபத்துல தொலைச்சுட்டு மறுபடி முதல்லேர்ந்து உக்காருவாரு. நாம அதைக் கதைன்னு நெனைக்கிறோம். அது ஒரு பாதுகாப்பு முறை! கோபக்காரன் கையில அதிகாரம் தங்காது.”

“இங்கயும் அப்படியா?”

“அதேதான். ஆணையே கொடுக்காம பொறுமையா இருக்க இருக்க, தவம் ஏறும். நிறைஞ்சா ஒரே ஒரு ஆணை. கொடுத்துட்டா பூஜ்யம். அந்த உரிமை உள்ளவங்களுக்கு முனின்னு பேரு. ஏழு பேர் இருந்தோம், ஆறு பேர் ஊருக்குத் திரும்பிட்டாங்க. நான் மட்டும் இத்தனை வருஷமா ஒரு ஆணை கூடக் கொடுக்கலை.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்ததும் அது உள்ளே போய்விட்டது.

“வாய் தவறி வர்ற பேச்சையெல்லாம் ஆணைன்னு எடுத்துக்குமா அது?”

“எடுத்துக்காது! அதுக்கும் தடை வச்சிருக்கேன். முனிவருங்க எப்படிச் சபிப்பாங்க? கமண்டலத்துலேர்ந்து உள்ளங்கையில தண்ணி எடுத்துக்கிட்டு. அதே மாதிரி, குழாய்க்குக் கீழ கையில தண்ணி ஏந்திட்டுப் பேசினாத்தான் ஆணை. பொத்தான்னா தெரியாம அழுத்திடலாம். கையில தண்ணிய வச்சுக்கிட்டு எவனாவது தெரியாமப் பேசுவானா?”

மூவரும் கைகழுவும் தொட்டியைப் பார்த்தார்கள்.

“சாப்பிட்டுட்டுக் கை கழுவுறப்ப பேசுவான்” என்றாள் ஜெபக்கனி.

அந்த வடிவமைப்பைச் சோதித்த வெளிநாட்டு ஆய்வகத்தில் அவர் மரியாதைக்காக முள்கரண்டியால் சாப்பிட்டார். கரண்டியால் சாப்பிடுகிறவர்கள் காகிதத்தில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, ஈரக் கையை உதறிக்கொண்டே பாதிச் சண்டையைத் தொட்டியடியில் முடிக்கும் மனிதர்களுக்காகத்தான் அவர் இயந்திரம் செய்தார். அதை அவர் மறந்துபோனார். பொதிகைக்கு வந்த முதல் நாளிலிருந்து அவரும் அப்படித்தான் சாப்பிட்டார்.

குடிக்கிற தண்ணீருக்கு ஆளாளுக்கு ஒரு வாய் கொடுத்தார்கள். சமையல்காரர் தம் பங்கில் அரைக் குவளை கொடுத்தார். ஆனால் பங்கு என்பது ஒருவருக்குத் தேவையான அளவுதான். அதில் தானம் கொடுக்க மிச்சம் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல் தோட்டம். செடிகளின் வேரடியில் சொட்டும் தண்ணீர் செண்பகவல்லியின் பெயரில்தான் போகும். அது நேற்று மதியமே நின்றுவிட்டது. தோட்டத்தை வேறு பெயருக்கு மாற்றலாமே என்றாள் ஜெபக்கனி. குறுக்கு வழி தேடும் அதிகாரிகளை நினைத்து அந்த வழியையும் அடைத்து வைத்திருந்தார் அகோரமூர்த்தி. கமண்டலத்தை அடியோடு அழித்து மறுபடி எழுதலாம். அதற்குள் நாற்பது பேரும் தாகத்தில் செத்துவிடுவார்கள்.

“ரெண்டு வாழை செத்து மூணாவது இது” என்றாள் செண்பகவல்லி. “இதும் காய்க்கலைன்னா தோட்டத்தை மூடிட்டு அந்த அறைய சரக்குக்கு எடுத்துக்கிடுவோம்னு கீழ பூமியில இருந்து சொல்லிட்டாங்க. இதுக்காவத்தான் நான் ஊருக்குப் போவாம இங்ஙன கெடக்கேன்.” அவள் அகோரமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். “எங்க ஊரு நிசப் பொதிகை மலைக்கு அடியில இருக்கு, அண்ணாச்சி. முனிவர் கதை கேட்டே வளந்தவ நான். அகத்தியர் ஒரு ராசாவ யானையாப் போவச் சொன்னாரு. ஆனா அது எப்பத் தீரும்னும் சேத்துத்தான் இருந்திச்சு. விமோசனம் இல்லாம சாபமே கெடையாதுல்லா. உங்க மெசினுல அது எங்க?”

அகோரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வடிவமைப்புக் கூட்டத்தில் ஒரு பெண் இதே கேள்வியைக் கேட்டிருந்தாள். ‘அது கதையை நீட்டறதுக்காகச் சேத்ததும்மா’ என்று சிரித்துக்கொண்டே சொல்லி அதை அவர் நீக்கிவிட்டார். எல்லோரும் கூடச் சிரித்தார்கள். நன்றாகப் பேசினோம் என்று அன்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

“எடுத்துட்டேன்” என்றார்.

ஜெபக்கனிக்கு நாற்பது பேரைக் காப்பாற்ற வேண்டிய வேலை. “வெள்ளிக்கிழமை கப்பல் வருது. திரும்பிப் போக ஒரு இடம் இருக்கு. செண்பகவல்லி, நீங்க அதுல கிளம்புங்க. எனக்கும் பிடிக்கலை, ஆனா வேற வழி தெரியலை. தோட்டம் இல்லாம நாம இருந்துடலாம். டாக்டர் அகோரமூர்த்தி இல்லாம கமண்டலம் ஓடாது.”

அகோரமூர்த்திக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. தம்மை யாரோ இன்றியமையாதவர் என்று சொன்ன நிம்மதி. சபித்தவன் இருக்க, சாபம் வாங்கியவள் மூட்டை கட்டுவதில் தமக்கு ஏன் நிம்மதி என்று அடுத்த கணம் யோசித்தார். பதில் நன்றாக இல்லை.

செண்பகவல்லி தோட்டத்துக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவர் விண்ணுடையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். பனி உருக்கும் பெரிய தொட்டி பொதிகையின் வாசலுக்கு வெளியே இருந்தது. அதைக் கையாலேயே திறந்து ஒரு வாளி பிடித்து வந்துவிடலாம் என்பது அவர் திட்டம். தொட்டிக்கு எட்டியதும், யாரும் கையால் திறந்துவிடக் கூடாதென்று அதைத் தாமே முத்திரை வைத்து மூடியது நினைவு வந்தது. அன்று அவர் சந்தித்த எல்லாத் தடையிலும் அவர் கைவரிசை இருந்தது. எரிச்சலில் ஸ்பேனரால் குழாய்மேல் ஒரு போடு போட்டார்.

தலைக்குள் ரேடியோ அலறியது. “அண்ணாச்சி! தண்ணி வருது! சொட்டுது, வாழைக்குச் சொட்டுது!”

“பாத்தீங்களா!” என்றார் அகோரமூர்த்தி. திரும்பி நடந்த வழியெல்லாம் விளக்கினார். உள்ளே ஒரு கதவு குளிரில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கமண்டலம் அந்தப் பழுதை ஆணையென்று குழப்பிக்கொண்டிருக்கிறது. அடியின் அதிர்வில் கதவு விடுபட்டது. இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம். வாசலின் உள்கதவு திறந்து அவர் உள்ளே கால் வைத்தார்.

“தண்ணி நின்னுட்டு” என்றாள் செண்பகவல்லி.

மறுபடி போனார், அடித்தார், வந்தது. உள்ளே வந்தார், நின்றது. போதிய பலத்தோடு அடிக்கவில்லை என்றார். பெரிய ஸ்பேனராக எடுத்துக்கொண்டார்.

“டாக்டர்,” என்றாள் ஜெபக்கனி, “இந்தத் தடவை அடிக்காதீங்க. சும்மா வெளியே போய் நில்லுங்க.”

போய் நின்றார். கறுத்த வானத்தில் பூமி பாதியாகத் தொங்கியது. ஸ்பேனர் கையில் சும்மா இருந்தது.

“அடிச்சீங்களா?”

“இல்லை.”

“வருது, டாக்டர்.”

கமண்டலத்திடம் கேட்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. தம் கீச்சுக் குரல் அவருக்கு அப்படியே நினைவிருந்தது. ‘நான் இங்க இருக்கிற வரைக்கும்.’ இங்கே என்றால் பொதிகையின் கதவுகளுக்கு உள்ளே என்று கமண்டலத்துக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. நேற்று அவர் கத்திய சொற்களில் பாதி வெறும் ஆவேசம், பேச்சுக்குச் சேர்த்தது. கமண்டலத்துக்கு ஆவேசம் தெரியாது. அது ஒரு சொல்லையும் வீணாக்காமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. விமோசனத்தை அவர் இயந்திரத்திலிருந்துதான் நீக்கியிருந்தார். கோபக்காரனின் வாயில் அது தானாகவே இருந்திருக்கிறது.

“எனக்கு விந்திய மலைதான் ஞாபகம் வருது” என்றாள் செண்பகவல்லி ரேடியோவில். குரல் மெதுவாக இருந்தது. “நான் திரும்பி வார வரைக்கும் குனிஞ்சே இருன்னு மலைகிட்ட சொல்லிட்டுத்தான அகத்தியர் தெக்க வந்தாரு.”

“ஆமாங்க. திரும்பிப் போனா மலை நிமிர்ந்துடும்.”

“அதனால அவரு போவவே இல்ல.”

அகோரமூர்த்தி பேசவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவர் பேசாமல் இருப்பதைப் பொதிகை முதல்முறையாகக் கேட்டது.

“வெள்ளிக்கிழமைக் கப்பல்ல நான் போறேன்” என்றார் பிறகு. “இல்லைன்னா...” பள்ளத்தின் விளிம்பில், முதல் ஆட்களை இறக்கிவிட்ட பழைய இறங்குகலம் நான்கு கால்களில் நின்றுகொண்டிருந்தது. ஓர் ஆள் படுக்கலாம். மின்சாரம் உண்டு. ரேடியோ உண்டு. கமண்டலத்தின் குழாய் அங்கே போகாது. “அந்தக் கலத்துல இருந்துக்கறேன். அங்கேர்ந்தே கமண்டலத்தைப் பாத்துக்கலாம். நான் வெளியவும் இருப்பேன், வேலையும் நடக்கும்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ‘அதெல்லாம் எப்படி டாக்டர், நீங்க போய் அங்க தனியா’ என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார். அப்படிச் சொன்னால் பெருந்தன்மையாக மறுப்பதற்கு ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தார்.

“அதுல கழிவறை வேலை செய்யுதா?” என்று கேட்டாள் ஜெபக்கனி.

“செய்யும்.”

“அப்ப சரி.”

வெள்ளிக்கிழமைக் கப்பல் அந்த ஓர் இடம் காலியாகவே திரும்பிப் போயிற்று.

வாரத்துக்கு ஒருமுறை செண்பகவல்லி தள்ளுவண்டியில் தண்ணீர்க் கேன்களை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் சபித்த கைதான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. முதல் சில முறை இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் அவர், “உங்களை ‘உனக்கு’ன்னு சொன்னது தப்புங்க” என்றார். அவள் சிரித்துவிட்டாள். “தண்ணிய நிறுத்துனது பரவால்லயாக்கும்?” என்றாள்.

சவரம் செய்யத் தண்ணீரைச் செலவழிக்க மனமில்லாமல் தாடி விட்டார். அது நெஞ்சுவரை வந்தது. கலத்தின் வட்ட ஜன்னல் கண்ணாடியில் தம்மைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வேஷத்துக்கு எத்தனை வருஷப் படிப்பு தேவைப்பட்டது என்று நினைத்துக்கொள்வார். உணவுக்கூடத்தில் கைகழுவும்போது எல்லோரும் வாயை இறுக மூடிக்கொள்கிறார்கள் என்றும், புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ பிரார்த்தனை என்று நினைக்கிறார்கள் என்றும் ரேடியோவில் கேள்விப்பட்டார்.

தார் பழுத்த வாரம் செண்பகவல்லி கேன்களோடு ஒரு வாழைப்பழமும் கொண்டுவந்தாள். விரல் நீளம்தான் இருந்தது. கலத்துக்குள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“இத்தனை நாளா ஒரு விஷயம் யோசிச்சுட்டிருந்தேன்” என்று ஆரம்பித்தார் அகோரமூர்த்தி. “முனிவருங்க ஏன் காட்டுல இருந்தாங்க? அமைதிக்காகன்னு எல்லாரும் சொல்றோம். தப்புங்க! சொன்னது பலிக்கிற ஆளை ஊருக்குள்ள எப்படி வச்சுக்கறது? பால்காரனோட தகராறு வரும், பக்கத்து வீட்டுக்காரனோட வரும். அதனால ஊர்தான் அவங்களைக் கொஞ்சம் தள்ளி...”

“பழத்தைத் தின்னுட்டுப் பேசுங்க, அண்ணாச்சி.”

தின்றார். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக. விரல்கள் பிசுபிசுத்தன. அவள் கேனைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். உள்ளங்கையில் அது திரண்டு குளமாக நின்றது. அங்கே கேட்பதற்குக் கமண்டலம் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கை காயும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை.

அன்று ஜெபக்கனி ரேடியோவில் வந்தாள். தண்ணீர்ப் பிரச்சினை எப்படித் தீர்ந்தது என்று கீழே இருந்து கேட்டார்களாம். அகோரமூர்த்தி படங்களோடு நீளமாக ஒரு விளக்கம் தயாரித்துக் கொடுத்திருந்தார். கதவு வளையங்களிலிருந்து தொடங்கி விசுவாமித்திரர் வழியாக வரும் விளக்கம் அது.

“அதை அனுப்பிட்டீங்களா?” என்று ஆவலாகக் கேட்டார்.

“சுருக்கி அனுப்பிட்டேன், டாக்டர். படிக்கட்டுமா?”

“படிங்க.”

“அகோரமூர்த்தி பொதிகைக்கு வெளியே இருக்கிறார். குழாயில் எல்லோருக்கும் தண்ணீர் வருகிறது.”